ஹோம்ப்ரூ நிறுவல் பாதியில் நின்றால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒருவர் எம் வரிசை சிப் உள்ள புது மேக்புக்கில் ஹோம்ப்ரூ (டெர்மினல் வழியாக மென்பொருள்களை நிறுவித் தரும் கருவி) நிறுவ முயன்றிருக்கிறார். முதல்முறை நெடுநேரம் திரை அசையாமல் நின்றதால் டெர்மினலையே மூடிவிட்டார். மறுபடி ஓட்டியபோது முடிந்தது போலத் தெரிந்தது. ஆனால் அதன் கட்டளையான ப்ரூ என்று அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வருகிறது. சுடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் கட்டளை) சேர்த்து நிறுவியை ஓட்டினால் 'ரூட்டாக ஓட்டாதே', அதாவது முழு அதிகாரம் உள்ள கணக்காக ஓட்டாதே என்று சொல்லி வெளியேறிவிடுகிறது. லேப்டாப்பை ஃபார்மேட் செய்துவிடலாமா என்று கேட்கிறார்.

ஃபார்மேட் எல்லாம் வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இரண்டாம் முறையே ஹோம்ப்ரூ நல்லபடியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது உங்கள் ஷெல்லுக்கு (டெர்மினலில் அடிப்பதைப் படித்து ஓட்டும் நிரல்) தெரியவில்லை, அவ்வளவுதான். பொருள் வீட்டில்தான் இருக்கிறது, தேடுகிற ஆள் வேறு அறையில் தேடிக்கொண்டிருக்கிறார். இதைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன், திரையில் ஆங்கிலத்திலேயே அடித்துக்கொள்ளுங்கள்.

டெர்மினலில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின்/ப்ரூ என்று முழுப் பாதையையும் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு மைனஸ் குறியோடு வெர்ஷன் என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். பதிப்பு எண் வந்தால் நிறுவல் முடிந்துவிட்டது என்று பொருள். 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வந்தால்தான் நிறுவல் உண்மையிலேயே தோற்றிருக்கிறது. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் நிறுவியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதில் பயனில்லை.

பதிப்பு எண் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஷெல் ஒரு கட்டளையைத் தேடும்போது லேப்டாப் முழுவதையும் துழாவுவதில்லை. பாத் என்ற பட்டியலில் இருக்கும் கோப்புறைகளை மட்டும் வரிசையாகப் பார்க்கும். இன்டெல் மேக்குகளில் ஹோம்ப்ரூ உட்காரும் இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல். அதற்குள் இருக்கும் பின் கோப்புறை மேக்கின் இயல்பான பட்டியலிலேயே இருப்பதால் அந்தக் காலத்தில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆப்பிள் சிலிக்கானுக்கு, அதாவது எம் வரிசை சிப்களுக்கு, ஹோம்ப்ரூ முறையாக ஆதரவு கொடுத்தது 2021 பிப்ரவரியில் வந்த 3.0 பதிப்பில். அதில் இந்தச் சிப்களுக்கான இருப்பிடம் /ஆப்ட்/ஹோம்ப்ரூ என்று ஆனது. இன்டெல்லுக்கான ஹோம்ப்ரூவும் புதியதும் ஒரே லேப்டாப்பில் மோதாமல் இருக்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான். நல்ல முடிவுதான், ஆனால் புது இடம் பட்டியலில் இல்லை. நாம்தான் சேர்க்க வேண்டும். இணையத்தில் சுற்றும் பழைய குறிப்புகள் பலவும் இன்டெல் காலத்தில் எழுதப்பட்டவை. அவற்றில் இந்தப் படியே இருக்காது.

நிறுவி இதைச் சொல்லாமல் இல்லை. 'இன்ஸ்டாலேஷன் சக்ஸஸ்ஃபுல்' என்ற வரிக்குப் பக்கத்திலேயே /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின் உங்கள் பாத்தில் இல்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். அதன்பின் பயன்பாட்டுத் தரவு சேகரிப்பு பற்றி ஓர் அறிவிப்பு, நன்கொடை பற்றி ஒன்று. கடைசியில் 'நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்' என்ற தலைப்பின்கீழ் இரண்டு மூன்று கட்டளைகள். சக்ஸஸ்ஃபுல் என்று பார்த்தவுடன் நிம்மதியாக விண்டோவை மூடிவிடுகிறோம், கீழே இருப்பதைப் படிப்பதில்லை. என்னைக் கேட்டால் அந்த அறிவிப்புகளுக்கு முன்னால் இந்தக் கட்டளைகளைப் போட்டிருந்தால் உலகில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அந்தக் கட்டளைகள் செய்வது எளிய வேலை. ப்ரூ ஷெல்என்வ் என்ற கட்டளையை ஓட்டி, அது தரும் அமைப்புகளை ஏற்றுக்கொள்ளும் ஒரு வரியை, ஷெல் தொடங்கும்போது படிக்கும், உங்கள் ஹோம் கோப்புறையில் உள்ள இசட்ப்ரொஃபைல் கோப்பில் எழுதுகின்றன. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் ஃபைண்டரில் இந்தக் கோப்பு கண்ணுக்குத் தெரியாது. கடைசிக் கட்டளை அதே அமைப்பை இப்போது திறந்திருக்கும் விண்டோவுக்கும் பொருத்துகிறது. திரையில் உள்ளதை அப்படியே நகல் எடுத்து ஒட்டுங்கள், கையால் அடிக்காதீர்கள். கோப்பில் வரியைச் சேர்க்கும் குறி இரண்டு 'பெரியது' குறிகள். ஒன்றை விட்டுவிட்டு ஒற்றைக் குறியாக அடித்தால் கோப்பில் ஏற்கெனவே இருந்த எல்லாம் அழிந்து அந்த ஒரு வரி மட்டும் மிஞ்சும். வாட்ஸ்அப் வழியாகவோ நோட்ஸ் செயலி வழியாகவோ வந்த கட்டளையை ஒட்டுவதும் ஆபத்து. நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஷெல்லுக்குத் தெரியும். ஒட்டிய பிறகு திரையில் வழக்கமான குறிக்குப் பதிலாக 'டிக்வோட்' என்று வந்து காத்திருந்தால் மேற்கோள் எங்கோ மூடப்படவில்லை என்று அர்த்தம். கன்ட்ரோல் விசையோடு சி அழுத்தி வெளியே வந்து மறுபடி ஒட்டுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்துதான் மேக்கின் இயல்பான ஷெல் இசட்ஷெல். அதற்கு முன்பு உருவாக்கிய பயனர் கணக்கை லேப்டாப் மாறும்போதெல்லாம் கூடவே கொண்டுவந்திருந்தால், உங்களுடையது இன்னும் பாஷ் ஷெல்லாகவே இருக்கலாம். பாஷ் இந்த இசட்ப்ரொஃபைல் கோப்பை எட்டிக்கூடப் பார்க்காது. டெர்மினலைத் திறந்தவுடன் 'இயல்பான ஷெல் இப்போது இசட்ஷெல்' என்ற அறிவிப்பு வருகிறதா பாருங்கள். வந்தால் நீங்கள் பாஷில் இருக்கிறீர்கள். அந்த வரியைப் பாஷ்ப்ரொஃபைல் கோப்பில் போட வேண்டும்.

வரியைச் சேர்த்த பிறகும் வரவில்லையா? பழைய விண்டோக்களை எல்லாம் மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறங்கள். விஎஸ் கோடு போன்ற செயலிக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் அந்தச் செயலியையே முழுக்க மூடித் திறக்க வேண்டும். அதன் பிறகும் இல்லையென்றால், இசட்ஆர்சி கோப்பில் வேறு ஏதோ கருவி பாத்தை மொத்தமாக மாற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பட்டியலைச் சேர்க்காமல் 'பாத் சமம் இது' என்று யாராவது எழுதி வைத்திருந்தால், இசட்ப்ரொஃபைலுக்குப் பிறகு படிக்கப்படும் இந்தக் கோப்பு எல்லாவற்றையும் துடைத்துவிடும். சில சமயம் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைகூட வேலை செய்யாமல் போகும். அப்படி ஆனால் பயப்பட வேண்டாம், /பின்/எல்எஸ் என்று முழுப் பாதையோடு அடித்தால் எல்லாம் ஓடும். கோப்பைத் திறந்து அந்த வரியைத் திருத்தினால் போதும்.

சரி, முழுப் பாதையில் தேடியும் ப்ரூ இல்லை, நிறுவல் உண்மையிலேயே தோற்றிருக்கிறது என்றால்? அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டெர்மினலில் மேலே உருட்டிப் போய், பிழை என்று வந்த முதல் வரியைப் பாருங்கள். எல்லோரும் கடைசி வரியைத்தான் நகலெடுத்துத் தேடுகிறார்கள். கடைசி வரி பெரும்பாலும் 'தோற்றது' என்ற தகவலை மட்டும்தான் சொல்லும். காரணம் மேலே இருக்கும்.

நிறுவி செய்யும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் யார் ஓட்டுகிறார்கள், அவருக்கு நிர்வாகி உரிமை இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு எந்தெந்தக் கோப்புறைகளை உருவாக்கப் போகிறது என்று பட்டியலிட்டு, என்டர் தட்டச் சொல்லிக் காத்திருக்கும். கோப்புறைகளை உருவாக்கும். ஆப்பிளின் கமாண்ட் லைன் டூல்ஸ் (நிரலாளர்களுக்கான அடிப்படைக் கருவிகளின் தொகுப்பு) இல்லையென்றால் அதை இறக்கும். கடைசியாக, ஹோம்ப்ரூவை கிட் (நிரல் கோப்புகளை அவற்றின் வரலாற்றோடு இறக்கும் கருவி) மூலம் இறக்கும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் சிலர் நின்றுவிடுகிறார்கள். அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள். கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்காதவர்களுக்கு மேக்கில் சுடோ வேலை செய்யாது, முதலில் ஒன்று வைத்தாக வேண்டும். 'சுடோ உரிமை தேவை, இந்தப் பயனர் நிர்வாகியாக இருக்க வேண்டும்' என்ற பொருளில் பிழை வந்தால் உங்கள் கணக்கு சாதாரணப் பயனர் கணக்கு. சொந்த லேப்டாப் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். அலுவலகம் கொடுத்தது என்றால் ஐடி பிரிவிடம் கேட்பதுதான் வழி.

நிறுவியையே சுடோவோடு ஓட்டியதைப் பற்றி. அது மறுத்தது உங்கள் நல்லதற்குத்தான். ஹோம்ப்ரூ பிறர் எழுதிய ஏராளமான ஸ்கிரிப்ட்களை உங்கள் பெயரில் ஓட்டுகிறது. அவை ரூட்டாக ஓடினால் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், மாற்றலாம். தேவையான ஓரிரு இடங்களில் அது தானாகவே சுடோ கேட்டுக்கொள்ளும். வேறு ஏதோ முயற்சியில் /ஆப்ட்/ஹோம்ப்ரூவுக்குள் சில கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகி, 'பெர்மிஷன் டினைடு' வந்துகொண்டே இருந்தால், சௌன் கட்டளையால் அந்தக் கோப்புறையின் உரிமையை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் 777 அனுமதி கொடு, மேக்கின் கணினிக் கோப்புகளைக் காக்கும் எஸ்ஐபி பாதுகாப்பை அணைத்துவிடு என்று எங்காவது படித்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். இந்தச் சிக்கலுக்கு இரண்டுமே தேவையில்லை.

உங்கள் முதல் முயற்சி அசையாமல் நின்றது கமாண்ட் லைன் டூல்ஸ் படியில்தான் என்று நினைக்கிறேன். அது பெரிய கோப்பு, இறங்க நேரம் எடுக்கும். அதுவரை திரையில் முன்னேற்றம் எதுவும் தெரியாமல் இருக்கலாம். மெதுவான இணைப்பில் செத்துப்போனது போலவே இருக்கும். ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து நெட்வொர்க் தாவலில் தரவு வந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வந்துகொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

உண்மையாகவே தோற்றால், நிறுவியை ஒதுக்கிவைத்துவிட்டு இதை மட்டும் தனியாகப் போடுவது நல்லது. எக்ஸ்கோடு-செலக்ட் என்று அடித்து, இரண்டு மைனஸோடு இன்ஸ்டால் சேர்த்தால் ஒரு சிறு பெட்டி திறக்கும், அதில் இன்ஸ்டால் அழுத்த வேண்டும். பெட்டி மற்ற விண்டோக்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் உண்டு. 'இந்த மென்பொருள் தற்போது சாஃப்ட்வேர் அப்டேட் சர்வரில் இல்லை' என்று அது கைவிரித்தால், ஆப்பிள் டெவலப்பர் தளத்தின் டவுன்லோட்ஸ் பக்கத்தில் உங்கள் மேக்ஓஎஸ் பதிப்புக்கு ஏற்ற கமாண்ட் லைன் டூல்ஸ் தனிக் கோப்பாகக் கிடைக்கும். சாதாரண ஆப்பிள் கணக்கே போதும், கட்டணம் கிடையாது. முழு எக்ஸ்கோடு தேவையில்லை. பல மடங்கு பெரிய அந்தச் செயலியை இதற்காக இறக்க வேண்டாம்.

இதே டூல்ஸ் இன்னொரு வடிவிலும் தொல்லை தரும். மேக்ஓஎஸ்ஸை மேம்படுத்திய மறுநாள், அதுவரை ஓடிக்கொண்டிருந்த கிட்டும் ப்ரூவும் 'எக்ஸ்சிரன்: இன்வாலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்' என்று சொல்லி நின்றுவிடும். மேம்படுத்தலில் டூல்ஸ் காணாமல் போயிருக்கும். /லைப்ரரி/டெவலப்பர்/கமாண்ட்லைன்டூல்ஸ் கோப்புறை மிச்சம் இருந்தால் அதைச் சுடோவோடு நீக்கிவிட்டு மேலே சொன்னபடி மறுபடி நிறுவினால் சரியாகிவிடும். ஹோம்ப்ரூவைத் தொடவே வேண்டியதில்லை.

அடுத்தது நெட்வொர்க். நிறுவும் வரியை ஒட்டியவுடன் கர்ல் (இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கட்டளை) என்று தொடங்கும் ஒரே ஒரு வரி வந்து, உடனே குறி திரும்பிவிட்டால், ஸ்கிரிப்டே இறங்கவில்லை என்று அர்த்தம். அந்த வரியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 6 என்றால் முகவரியின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, டிஎன்எஸ் சிக்கல். 7 என்றால் இணைக்க முடியவில்லை. 28 நேரம் கடந்துவிட்டது. கிட்ஹப் தளம் பிரவுசரில் திறக்கிறதே என்று குழம்ப வேண்டாம். ஸ்கிரிப்ட் வருவது கிட்ஹப்பின் முகப்பு முகவரியிலிருந்து அல்ல, 'ரா' என்று தொடங்கும் வேறொரு முகவரியிலிருந்து. சில நெட்வொர்க்குகளில் அது மட்டும் தடைபட்டிருக்கும். போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒருமுறை முயன்று பாருங்கள். அதில் ஓடினால் சிக்கல் லேப்டாப்பில் இல்லை.

60 வந்தால் கொஞ்சம் கவனம் தேவை. பாதுகாப்புச் சான்றிதழை நம்ப முடியவில்லை என்கிறது. லேப்டாப்பின் தேதி தவறாக இருந்தாலும் இது வரும், முதலில் அதைப் பாருங்கள். தேதி சரி என்றால், இடையில் ஒரு ப்ராக்ஸியோ ஆன்டிவைரஸோ இணைப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். கர்லுக்கு மைனஸ் கே கொடுத்தால் சோதனையைத் தாண்டிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். இறக்கியவுடன் அப்படியே ஓடப்போகிற ஸ்கிரிப்ட் அது. யார் அனுப்பியது என்று சரிபார்க்காமல் ஓட்டக் கூடாது.

கிட் இறக்கும் படியில் 'எர்லி இஓஎஃப்', 'ஆர்பிசி ஃபெயில்டு' என்று வந்தால் இணைப்பு நடுவில் அறுந்திருக்கிறது. நிறுவியை மறுபடி ஓட்டுங்கள். இருப்பதை வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து சமாளிக்கும்படிதான் அதை எழுதியிருக்கிறார்கள். முன்பெல்லாம் தொகுப்புகளின் மொத்த வரலாற்றையும் இறக்க வேண்டியிருந்ததால் இந்தப் பிழை அடிக்கடி வரும். 2023 பிப்ரவரியில் வந்த 4.0 பதிப்பிலிருந்து தொகுப்பு விவரங்களை ஜேசான் கோப்பாக எடுத்துக்கொள்வதால் சுமை வெகுவாகக் குறைந்துவிட்டது. டெர்மினலே ஒத்துவரவில்லை என்றால், ஹோம்ப்ரூவின் கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்தில் பிகேஜி நிறுவிக் கோப்பும் இருக்கிறது. இரட்டைச் சொடுக்கில் மற்றச் செயலிகளைப் போலவே நிறுவிக்கொள்ளலாம்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் புது மேக் வாங்கியவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம்: பழைய இன்டெல் மேக்கிலிருந்து மைக்ரேஷன் அசிஸ்டன்ட் வழியாக மாறியவர்கள். அவர்களுக்கு 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வராது. /யூஎஸ்ஆர்/லோக்கலில் இருந்த பழைய ப்ரூ கூடவே வந்திருக்கும், கூப்பிட்டால் அதுவே பதில் சொல்லும். எதையாவது நிறுவப் போனால் 'ஆர்ம் ப்ராசஸரில் இன்டெல் இருப்பிடத்தில் நிறுவ முடியாது' என்ற பொருளில் மறுக்கும். யூநேம் மைனஸ் எம் என்று அடித்துப் பாருங்கள். எம் வரிசை லேப்டாப்பில் ஆர்ம்64 என்று வர வேண்டும். எக்ஸ்86 என்று வந்தால் டெர்மினல் ரொசெட்டா (இன்டெல் செயலிகளை எம் வரிசையில் ஓட்டித் தரும் மொழிமாற்றி) வழியாக ஓடுகிறது. ஃபைண்டரில் டெர்மினலைத் தேர்ந்து கெட் இன்ஃபோ திறந்து, 'ஓப்பன் யூசிங் ரொசெட்டா' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

பிறகு அவசரப்பட்டுப் பழையதை அழிக்காதீர்கள். முதலில் பழைய ப்ரூவில் பண்டில் டம்ப் ஓட்டுங்கள், நிறுவியிருந்தவற்றின் பட்டியல் ப்ரூஃபைல் என்ற கோப்பாகக் கிடைக்கும். புதிய ஹோம்ப்ரூவை நிறுவி, பாத்தைச் சரிசெய்து, அந்தக் கோப்பைக் கொண்டு பண்டில் இன்ஸ்டால் ஓட்டுங்கள். அப்ளிகேஷன்ஸில் ஏற்கெனவே இருக்கும் செயலிகளுக்கு 'இங்கே ஒரு ஆப் இருக்கிறது' என்று அது தகராறு செய்யும். அந்தச் செயலியைத் தனியாக அடாப்ட் என்ற தேர்வோடு நிறுவினால் இருப்பதையே ஏற்றுக்கொள்ளும். எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான பிறகு, ஹோம்ப்ரூவின் அன்இன்ஸ்டால் ஸ்கிரிப்டில் பழைய பாதையைக் குறிப்பிட்டு நீக்குங்கள். /யூஎஸ்ஆர்/லோக்கலை மொத்தமாக ஆர்எம் கொண்டு அழிக்க வேண்டாம், வேறு மென்பொருள்களும் அங்கே கோப்புகள் வைத்திருக்கும். /ஆப்ட்/ஹோம்ப்ரூ அப்படி இல்லை. அது முழுக்க ஹோம்ப்ரூவுக்கு மட்டுமே சொந்தம், அழித்தால் ஹோம்ப்ரூவும் அதன் வழியாக நிறுவியவையும்தான் போகும்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோம்ப்ரூ முழுமையாகத் தாங்குவது அண்மைய மூன்று மேக்ஓஎஸ் பதிப்புகளைத்தான். அதற்கு முந்தையவற்றில் நிறுவி எச்சரித்துவிட்டுத் தொடரலாம், ஆனால் தயாராகக் கட்டிய தொகுப்புகள் கிடைக்காமல் ஒவ்வொன்றையும் மூலக் குறியீட்டிலிருந்து கட்ட ஆரம்பிக்கும். மின்விசிறி இரைந்துகொண்டே மணிக்கணக்கில் ஓடும், அப்புறம் தோற்கும். அந்த லேப்டாப்புக்கு ஹோம்ப்ரூ போன்ற இன்னொரு கருவியான மேக்போர்ட்ஸ் பொருத்தமாக இருக்கும், பழைய பதிப்புகளை அது நீண்டகாலம் கைவிடுவதில்லை.

பாத் சரியானதும் ப்ரூ டாக்டர் ஓட்டிப் பாருங்கள். அது நிறைய எச்சரிக்கைகளைக் கொட்டும். அவற்றுக்கு மேலேயே, எல்லாம் ஒழுங்காக வேலை செய்தால் இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அதுவே சொல்லியிருக்கும். அதை நம்புங்கள், ஒவ்வொன்றையும் திருத்த உட்காராதீர்கள். இத்தனைக்குப் பிறகும் நின்றால் மறுபடி கேளுங்கள். அப்போது ப்ரூ ஓடுமானால் ப்ரூ கான்ஃபிக் தரும் முழு வெளியீட்டையும், ஓடாவிட்டால் யூநேம் விடையையும் மேக்ஓஎஸ் பதிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். கூடவே நிறுவியின் முதல் பிழை வரியையும், அதற்கு மேலே உள்ள பத்து வரிகளையும் ஸ்கிரீன்ஷாட்டாக அல்லாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள்.